பதினாலு பயிற்சியாளர்களும் நானும்

எங்கள் குடிநீர் வாரியத்தின் ரக்பி அணியில் பயிற்சியாளர்கள் பதினாலு பேர். ஆடுகிறவன் ஒருவன். அந்த ஒருவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதிக் கதையில் "மத்தவங்க எல்லாம் எங்கே?" என்று யாரும் கேட்கக் கூடாது. மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ரக்பி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி, எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். வைப்பதற்குள் எதிர் அணி மொத்தமும் உங்கள் மேல் வந்து விழும். ஆட்டம் அவ்வளவுதான். இதில் தலைமைப் பண்புக்கு எங்கே சார் இடம் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

நான் மீட்டர் ரீடர். வீடு வீடாகப் போய், தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறவன். கல்லூரியில் ரக்பி ஆடியதால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்த வேலை கிடைத்தது. என் மனைவி வேறு ஊரில் நர்ஸ். ரயிலில் ஏறினால் விடிந்துதான் அந்த ஊர் வரும். எங்கள் மகள் அவளோடு இருக்கிறாள். அந்த ஊரிலும் எங்கள் வாரியத்துக்கு அலுவலகம் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, குனிந்து பார்க்க ஆள் இல்லையென்று அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவன் களத்தில் ஆடும்வரை அவனை ஊர் மாற்றக் கூடாது என்று விதி. ஆட்டத்திலிருந்து என்னை யாராவது வெளியே எடுத்தால் போதும், அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தோற்பது எங்களுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் தோற்றால் எங்கள் ஒரே பயிற்சியாளரான மாஸ்டர், "விழுந்தவனைத் தூக்கி விட்டுட்டு ஓடுங்கடா எருமைங்களா" என்று திட்டுவார். பிறகு டீ வாங்கிக் கொடுப்பார். நாங்கள் வீட்டுக்குப் போவோம். மாஸ்டர் ஓய்வு பெற்றார். போகும்போது என் தோளைத் தட்டி, "பாத்துக்க" என்றார். எதை என்று சொல்லவில்லை. அதே மாதம் புதிய தலைமைப் பொறியாளர் வந்தார். விதிப்படி அவரே விளையாட்டுச் சங்கத்துக்கும் தலைவர். அவர் எங்கோ மூன்று நாள் தலைமைப் பண்பு முகாமுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அங்கே கொடுத்த பையை இன்றுவரை தோளிலிருந்து இறக்கவில்லை.

அவர் வந்த பிறகு முதல் தோல்வி. மறுநாள் ஏ.சி. போட்ட கூட்ட அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். சிலருக்கு முழங்காலில் இன்னும் மண் ஒட்டியிருந்தது.

"தோல்விக்கு யார் காரணம்? பந்தா? மைதானமா? எதிரணியா?" என்றார் தலைவர். எதிரணி என்று எங்களில் பலருக்கு வாய் வரை வந்தது. "இல்ல. தலைமைப் பற்றாக்குறை. பதினஞ்சு பேர் களத்துல இருந்தீங்க. ஒருத்தராவது தலைவரா நின்னீங்களா?"

"எல்லாரும் ஓடிக்கிட்டிருந்தோம் சார்" என்றேன்.

"அங்கதான் தப்பு. ஓடறவன் எப்படி வழி காட்டுவான்? என்னையே எடுத்துக்கங்க. இந்த ஆட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் என்னால தெளிவாப் பாக்க முடியுது."

பிறகு திரையில் ஆட்டத்தின் படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் ஓரிடத்தில் ராக்கெட் என்னைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருந்தான். ராக்கெட் எங்கள் அணியிலேயே வேகமாக ஓடுகிறவன்; வாரியத்தில் குழாய் ஃபிட்டர். தலைவர் படத்தை அங்கேயே நிறுத்தினார். "பாருங்க. இதுதான் தலைமை. அடுத்தவனுக்கு வழி காட்டறாரு." உண்மையில் என் ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதை அவன் காட்டிக்கொண்டிருந்தான். அவன் அதைச் சொல்ல எழுந்தான். அதற்குள் தலையில் வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் விசிலும் வந்து சேர்ந்ததால் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவன் தாக்குதல் பயிற்சியாளர். பயிற்சியாளர் ஆடக் கூடாது. ஆடாதவனை இடமாற்ற விதி தடுப்பதும் இல்லை. ஒரே வாரத்தில் தன் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விட்டான். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வாரியத்தின் காரில் வந்து விரல் நீட்டிவிட்டுப் போவான்.

மனைவியிடம் போனில் சொன்னேன்.

"அவருக்கு மட்டும் எப்படிங்க கிடைச்சுது?"

"விரல் நீட்டினான்."

"நீங்களும் நீட்ட வேண்டியதுதானே. வீட்டுல நல்லாத்தானே நீட்டுவீங்க."

அப்போது பின்னால் மைதானத்தில் ராக்கெட் விசில் ஊதிப் பழகிக்கொண்டிருந்தான். போனின் அந்தப் பக்கம் தடதடவென்று ஓடி வரும் சத்தம். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா, ரயில் ஏறிட்டியா?"

"இல்ல கண்ணு. இது மாமா ஒருத்தர் ஊதற விசில்."

"ரயில் மாமாவா?"

ஆமாம் என்றேன்.

ராக்கெட் போன பிறகு பதினாலு பேர். வேகமாக ஓடுகிறவன் இல்லாததால் இன்னும் மோசமாகத் தோற்றோம். தலைவர் அதற்கும் தலைமைப் பற்றாக்குறைதான் காரணம் என்று கண்டுபிடித்து இன்னொருவரைப் பயிற்சியாளர் ஆக்கினார். புதிதாக ஆள் எடுக்கத் தடை இருந்தது. தலைவர்களை எடுக்கத் தடை இல்லை. விஷயம் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் களத்தில் நின்று ஒருவரையொருவர் விரல் நீட்டிக் கத்தினார்கள். எதிரணிக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்து முதலில் ஒதுங்கி நின்றார்கள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து போய் வைத்தார்கள்.

நானும் நீட்டியிருப்பேன். என்னவோ என் ராசி, பந்து என் கையில்தான் வந்து சேரும். இரண்டு கையாலும் பந்தைக் கட்டிக்கொண்டிருப்பவன் எந்தக் கையால் விரல் நீட்டுவான்? பந்து இல்லாத நேரத்தில் நான் ஆள்குவியலின் அடியில் கிடப்பேன். வாயில் புல் இருக்கும். அங்கிருந்து கத்தினால் தலைவர் காதுக்கு எட்டாது.

ஒருநாள் துணிந்தேன். அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டுதான் போனேன். எதிரணிக்காரன் ஓடி வரும்போது பந்தைக் கீழே போட்டுவிட்டு, பம்ப் ஆபரேட்டரைப் பார்த்து விரலை நீட்டி, "எங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று கத்தினேன். நன்றாகவே வந்தது. கூட்டத்தில் தலைவர் படத்தை நிறுத்தினார். தொப்பிக்கு வசதியாக நான் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

"இவரு பந்தைக் கீழ போட்டுட்டாரு. பொறுப்பில்லாதவரை எப்படித் தலைவராக்கறது?" என்று கேட்டுவிட்டு, என் கத்தலைக் கலங்காமல் கேட்டுக்கொண்டு நின்ற பம்ப் ஆபரேட்டருக்குத் தொப்பியைக் கொடுத்தார். அவர் மனவலிமைப் பயிற்சியாளர்.

சரி, பொறுப்பைக் காட்டுவோம் என்று அடுத்த ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஆடினேன். பத்துப் பேரை மறித்தேன். காது கிழிந்தது. தலைவர் கண்கலங்கிவிட்டார்.

"இப்படி ஒரு உழைப்பாளியை நான் பார்த்ததில்ல. இவரையும் தலைவராக்கிட்டா அப்புறம் யாரு தம்பி உழைக்கறது?"

இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள். எறும்புக்காவது நடுவில் நிற்க இடம் இருந்தது.

இதற்குள் அணியில் தடுப்புப் பயிற்சியாளர், இடது பக்கப் பயிற்சியாளர், வலது பக்கப் பயிற்சியாளர், மூச்சுப் பயிற்சியாளர், இடைவேளைப் பயிற்சியாளர், தோல்விக்குப் பின் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு ஒரு பயிற்சியாளர் எல்லாம் வந்துவிட்டார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வாரியமாக இருந்தால் கோணலுக்கு ஒரு பயிற்சியாளரைப் போட்டிருக்கும். உடை மாற்றும் அறையில் அவர்களுக்கு மேசை நாற்காலி போட இடம் போதவில்லை. பெஞ்சை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். நான் தாழ்வாரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பெரிய குழாயின் பின்னால் நின்று உடை மாற்றிக்கொண்டேன். சட்டையை அந்தக் குழாயின் வால்வில் மாட்டுவேன். அது எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

முழங்கால் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தேன். மருத்துவப் பயிற்சியாளரிடம் அனுப்பினார்கள். அவர் மூன்று வாரம் முன்புவரை என் பக்கத்தில் ஆடியவர். பில் வசூல் கவுன்ட்டரில் வேலை. முழங்காலை அமுக்கினார். நான் கத்தினேன்.

"வலி இருக்கு" என்றார் வருத்தமாக. "ஆனா நான் அப்படிச் சொன்னா, இப்ப ஆடறவங்க கம்மி. என்னைத் திரும்ப உள்ள அனுப்பிடுவாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. நீங்களே சொல்லுங்க, வலிக்குதா?"

நான் இல்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை.

கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். ஒரே ஆளோடு ஆட விதி இடம் கொடுக்காது, இத்தோடு விட்டது சனி என்று நினைத்தேன். தலைவர் போட்டிக் குழுவுக்கே நேரில் போய்ப் பேசினார். அணி என்பது தலை எண்ணிக்கையில் இல்லை, தலைமையில் இருக்கிறது என்று விளக்கினார். குழுவில் எல்லாரும் தலைவர்கள்தான். உடனே ஒப்புக்கொண்டார்கள். மின்வாரியத்திலிருந்து ஒரு குழு எங்கள் முறையைப் பார்த்துவிட்டுப் போக வந்தது. நான் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடுவதையும், பதினாலு விசில் ஊதுவதையும் பார்த்து அசந்து போனார்கள். ஒரு விசிலுக்கு ஓட வேண்டும், இன்னொன்றுக்கு நிற்க வேண்டும், மூன்றாவதற்கு மூச்சை இழுத்து விட வேண்டும். எல்லாம் ஒன்றாக ஊதினால் எதைச் செய்வது என்று முடிவு செய்ய அவர்கள் கூடிப் பேசுவார்கள். அதுவரை நான் ஒற்றைக் காலில் நிற்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் தலைவர் அறைக்குப் போனேன். "சார், என்னை விட்டுடுங்க. பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட போறேன்."

அவர் அன்பாகத்தான் பேசினார். "ஒரே ஒரு ஜெயிப்பு குடுங்க தம்பி. மறுநாளே மாத்தல். இது நான் உங்களுக்குக் குடுக்கற வாக்கு."

மனைவியிடம் இதைச் சொன்னேன். "எதிர்ல ஆடறவங்ககிட்ட கேட்டுப் பாக்கலாமே. ஒரு தடவை விட்டுக் குடுங்கன்னு."

"அப்படியெல்லாம் கேக்க முடியாது."

"வாய் விட்டுக் கேட்டாதானே தெரியும். பத்து வீட்டுல கதவைத் தட்டி மீட்டர் எங்கன்னு கேக்கறீங்க. இதைக் கேட்டா என்ன?"

அடுத்த ஆட்டம் மின்வாரியத்தோடு. களத்தில் இறங்கினால் எதிரில் ஒரே ஓர் ஆள் நிற்கிறான். ஒல்லியான லைன்மேன். அவனுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, நீலத் தொப்பிகள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் முறையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் எழுத்துக்கூடக் குறைக்கவில்லை.

நடுவர் விசில் அடித்ததும் யார் ஓடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பந்து தானாக உருண்டது. நடுவர் ஸ்க்ரம் போடச் சொன்னார். ஸ்க்ரம் என்றால் இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் முட்டித் தள்ளுவது. நடுவில் பந்து கிடக்கும். நாங்கள் அணிக்கு ஒருவர். குனிந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தோம். அந்தச் சாய்மானம் எனக்குச் சுகமாக இருந்தது. எவ்வளவோ நாளாக என்னை யாரும் தொட்டு நின்றதில்லை.

"தள்ளு" என்று வெள்ளைத் தொப்பிகளும் நீலத் தொப்பிகளும் கத்தினார்கள்.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊருக்கு மாத்தல் வேணும்?" என்றான் லைன்மேன், தலையைத் தூக்காமல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னும் ஆடிக்கிட்டிருக்கீங்களே."

சொன்னேன். அவனும் சொன்னான். அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது. பெண் வீட்டார், சொந்த ஊரில் வேலை பார்த்தால்தான் பெண் என்கிறார்கள். "இந்த ஆட்டத்துல தோத்தா அணியைக் கலைச்சுடறோம்னு எங்க சேர்மன் சொல்லிட்டாரு. நான் ஊருக்குப் போயிடலாம்."

"ஜெயிச்சா அனுப்பிடறோம்னு எங்க தலைவர் சொல்லியிருக்காரு."

இரண்டு பேரும் அப்படியே சாய்ந்து நின்றோம். வெளியே யாரோ, "என்ன அழுத்தம் பாருங்க" என்று வியந்தார்கள்.

"அப்புறம் என்னண்ணே" என்றான். "தள்ளுங்க."

"கல்யாணம் வெச்சிருக்கு. பாத்து விழுங்க."

அவன் நன்றாகவே விழுந்தான். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். இடது பக்கப் பயிற்சியாளர் இடது என்றார். வலது பக்கக்காரர் வலது என்றார். மூச்சுப் பயிற்சியாளர் நின்று மூச்சு விடச் சொன்னார். எதையும் கேட்காமல் நேராக ஓடினேன். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தேன். வைத்த கையை எடுக்க மனசு வரவில்லை. அழுதேன். திரும்பிப் பார்த்தால் லைன்மேன் மல்லாந்து கிடந்தபடியே எனக்குக் கையாட்டினான்.

அன்று மாலை பெட்டி கட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நிஜமாவா? பாப்பாகிட்ட சொல்லவா?"

"சொல்லு."

மறுநாள் பாராட்டுக் கூட்டம். பதக்கங்கள் பதினாலு வந்திருந்தன. தலைவர் பேசினார். "ஒரே ஆளை வெச்சு ஜெயிச்ச அணி உலகத்துல உண்டா? ஆள் முக்கியமில்ல, தலைமைதான் முக்கியம்னு நிரூபிச்சுட்டோம். இது இந்தப் பதினாலு பேரோட வெற்றி."

கைதட்டல் ஓய்ந்ததும் நான் எழுந்தேன். "சார், மாத்தல்..."

"எங்க போறீங்க?"

"ஒரு ஜெயிப்பு குடுத்தா மறுநாளேன்னு சொன்னீங்க சார்."

"சொன்னேன். ஜெயிக்க மாட்டோம்ங்கற நம்பிக்கையில சொன்னது." கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "தோக்கற அணியிலிருந்து ஒரு ஆளை அனுப்பலாம். ஜெயிக்கற அணியையே எப்படி ஊர் மாத்தறது? நீங்க போயிட்டா இவங்க யாருக்குப் பயிற்சி குடுப்பாங்க? எல்லாரையும் திரும்பக் களத்துல இறக்க வேண்டியிருக்கும். பதினாலு குடும்பம் தம்பி. யோசிச்சுப் பாருங்க."

"எனக்கும் ஒரு குடும்பம் இருக்கு சார்."

"ஒண்ணுதானே" என்றார்.

பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். முழங்காலை அமுக்கியவர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுக்காக உங்களை நாங்க மறந்துட்டோம்னு நினைக்காதீங்க" என்று தலைவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியையும் விசிலையும் எடுத்தார். அந்தத் தொப்பிக்காக நான் காதைக் கொடுத்தேன், முழங்காலைக் கொடுத்தேன். அதை என் தலையில் அவரே வைத்தார். "இன்னிலேருந்து நீங்களும் தலைவர்."

"அப்ப நான் ஆட வேண்டாமா சார்? பயிற்சியாளர் ஆடக் கூடாதுன்னு விதி..."

"திருத்திட்டோம். காலையில. நீங்க ஆடும் பயிற்சியாளர்."

வெளியே வந்தபோது லைன்மேன் போன் செய்தான். "கலைக்கலண்ணே. தோத்ததுக்குக் காரணம் தலைமைப் பற்றாக்குறையாம். உங்க தலைவரை ஆலோசகராப் போட்டிருக்காங்க." பெண் வீட்டாரிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

மாலையில் பயிற்சி. ராக்கெட் வந்து புது முறையை விளக்கினான். ஆடும் பயிற்சியாளர் என்பதால், விசிலை நானே ஊதிவிட்டு நானே ஓட வேண்டும். மற்றவர்கள் நான் சரியாக ஊதுகிறேனா என்று பார்ப்பார்கள். அப்போது வால்வில் மாட்டியிருந்த சட்டையில் போன் அடித்தது. போய் எடுத்தேன்.

"அப்பா" என்றாள் மகள். "நான் புதுச் சட்டை போட்டுட்டேன். ரயில் ஏறிட்டியா?"

களத்திலிருந்து ராக்கெட், "ஊதுங்க, ஊதுங்க" என்று கத்தினான். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீளமாக ஊதினேன்.

"அம்மா, அப்பா ரயில் ஏறிட்டாரு" என்று அவள் கத்திக்கொண்டு வீடு முழுக்க ஓடுவது கேட்டது. போன் மனைவியின் கைக்குப் போனது. அவளுக்கு ரயில் சத்தமும் தெரியும், இந்தச் சத்தமும் தெரியும்.

"போனை வெச்சுடாதீங்க" என்றாள் மெதுவாக. "அவ தூங்கற வரைக்கும் விட்டு விட்டு ஊதுங்க."

போனைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு களத்துக்குத் திரும்பினேன். பதினாலு பேரும் கைதட்டினார்கள். நான் ஊதிக்கொண்டே ஓட ஆரம்பித்தேன்.